மிஷின்ல ஓடுது

வளைகாப்புக்கு பேனர் கேட்டு வந்தவருக்குப் பெயர் சூட்டு விழா பேனர் கொடுத்து அனுப்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் 'மிஷின்ல ஓடுது' அண்ணன். ஆர்டர் கொடுத்தது வளைகாப்புக்குத்தான். அண்ணன் வேலையை முடித்தபோது பிள்ளை பிறந்து தொட்டிலில் கிடந்தது. அண்ணன் அசரவில்லை. மேலே இருந்த எழுத்தை மாற்றி, ஓரத்தில் ஒரு தொட்டில் படத்தைச் சேர்த்து, "சரியான நேரத்துக்கு வந்தீங்க" என்று சிரித்துக்கொண்டே சுருட்டிக் கொடுத்தார். வந்தவரும் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கிப் போனார்.

திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிளக்ஸ் கடையில் அவர் டிசைனர். ஆர்டர் எடுப்பதும், பெயர்களில் எழுத்துப்பிழை பார்ப்பதும் என் வேலை. முதலாளி துபாயில் சம்பாதித்ததை இந்தக் கடையில் போட்டுவிட்டு, போட்டது எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

பட்டப்பெயர் வந்த கதை சுலபமானது. வாடிக்கையாளர் போன் செய்வார். அண்ணன் கம்ப்யூட்டரையே அப்போது போட்டிருக்க மாட்டார். "மிஷின்லதாங்க ஓடிக்கிட்டு இருக்கு" என்பார். அந்தப் பக்கம் சந்தேகப்பட்டால் போனைக் கொண்டுபோய் டேபிள் ஃபேன் முன்னால் பிடிப்பார். "சத்தம் கேக்குதாங்க?" கேட்கும். கரண்ட் இல்லாத ஒரு மத்தியானம் இதே வசனத்தைச் சொன்னபோது, "சரிண்ணே, நான் ஒங்க கடை வாசல்லதான் நிக்கிறேன்" என்று பதில் வந்தது. அண்ணன் எட்டிப் பார்த்து, "வெயில்ல ஏன் நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்று உபசரித்தார்.

எனக்கு இதற்கு நேர்மாறான வியாதி. பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய் நின்றுகொண்டு, போன பஸ்தான் நம் பஸ்ஸோ என்று பயப்படுகிறவள் நான். அப்படிப்பட்ட என்னை அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தது விதி. கடை போன் அடிக்கும்போதெல்லாம் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். அவரோ கீபோர்டைக் கவிழ்த்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தூசு தட்டிக்கொண்டிருப்பார்.

தள்ளிப்போடுகிறவர் சும்மா இருப்பார் என்று நினைத்தால் தப்பு. அண்ணனைப் போல ஓடியாடி வேலை செய்த ஆளை நான் பார்த்ததில்லை. செய்ய வேண்டிய வேலையை மட்டும் செய்ய மாட்டார், அவ்வளவுதான். டீக்கடைக்காரர் வண்டியில் பிரேக் பிடிக்கவில்லை என்றால் அந்த நிமிஷமே மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போவார். அண்ணனுடைய சொந்த வண்டியிலோ பிரேக் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே கிடையாது. பக்கத்துக் கடைப் பெண்ணுக்கு ஆதார் விலாசம் மாற்ற வரிசையில் நிற்பார். பொன்னமராவதியிலிருந்து அவருடைய அக்கா, "பொண்ணு வீட்டுல கேக்குறாக, என்னடா சொல்ல?" என்று போனில் கத்தினால், "மிஷின்ல ஓடுதுக்கா" என்பார். அண்ணனுக்குப் பார்த்த அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணமானது. பேனர் எங்கள் கடையில்தான். அதுவும் லேட்.

ஆனால் ஒரே ஒரு வகை வேலை மட்டும் நேரம் தவறியதே இல்லை. கண்ணீர் அஞ்சலி. சாவு விழுந்த துட்டி வீட்டிலிருந்து ஆள் வந்து நின்றால், வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் பேனர் தயாராகிவிடும். ஒருநாள் காரணம் கேட்டேன்.

"காதுகுத்துல ஒரு பேரு தப்பா விழுந்தா ரெண்டு குடும்பம் பேச்சு வார்த்தை இல்லாமப் போயிரும் ஆத்தா. முடிக்காத வரைக்கும் தப்பு இல்லீல்ல? துட்டி வீட்டுக்காரவுக தப்புப் பாக்க மாட்டாக. காத்துக்கிட்டு நிப்பாக பாவம்."

அதுவரை அவரைச் சோம்பேறி என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அவரும் என்னைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி என்று புரிந்தது. பயம் வந்தால் எனக்குக் கால் பறக்கும், அவருக்குக் கால் நின்றுவிடும். வியாதி ஒன்றுதான்.

இப்படி இருந்தபோதுதான் அந்தக் காதணி விழா பேனர் வந்தது. நடுவில் பிள்ளை, வலது ஓரத்தில் பங்காளிகள், இடது ஓரத்தில் தாய்மாமன். வழக்கம்போல விழா நாள் காலையில்தான் மிஷின் ஓடியது. அவசரத்தில் நானும் எழுத்தைத்தான் பார்த்தேன், படத்தைப் பார்க்கவில்லை. பேனரைக் கட்டிய கொஞ்ச நேரத்தில் பட்டு வேட்டியோடு ஒரு பெரிய மீசை கடைக்குள் நுழைந்தது.

"யாருய்யா இங்க டிசைனு?"

"வாங்கய்யா, உக்காருங்க. மிஷின்ல..."

"மிஷின்ல ஓடுனதுலதான்யா என் பாதி மூஞ்சி ஓடிருச்சு! நான் மடியில ஒக்கார வச்சுத்தான் பிள்ளைக்குக் காது குத்தணும். பேனர்ல எனக்கே ஒரு காதைக் காணோம்!"

உண்மைதான். தாய்மாமனின் பாதி முகம் இடது ஓரத்துக்கு வெளியே போய்விட்டது. மாமனில்லாமல் காதுகுத்து நடக்குமா? விட்டுப்போன பாதியைத் தனியாக அடித்து, டேப் போட்டு ஒட்டினோம். ஒரு காது மேலேயும் ஒரு காது கீழேயுமாக அந்த பேனர் மாமன் பந்தி முடியும்வரை வாசலில் நின்றார். முதலாளி பேசிய பேச்சை எழுதினால் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

ஆனால் எனக்கு அதில் ஒன்று உறுத்தியது. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் குனிந்து, முகத்தை இடது பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, இங்கிட்டு இவரு இருந்தாரா?" என்று தனக்குத்தானே முனகினார்.

அதற்குப் பிறகு என் கண் அவரைவிட்டு அகலவில்லை. இடது பக்கம் வைத்த டீ கிளாஸைத் தட்டிவிட்டார். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டார். இடது பக்கம் நின்று நான் வெகுநேரம் பேசிய பிறகு திரும்பி, "நீ எப்ப வந்தே?" என்றார். ஒருநாள் சாயங்காலம் அந்த பிரேக் இல்லாத வண்டியில் ரோட்டுக்கு ஏறியவர், இடப்பக்கமிருந்து வந்த காரைக்குடி பஸ்ஸைப் பார்க்கவே இல்லை. டிரைவர் மிதித்த மிதியில் பஸ் குலுங்கி நின்றது.

"யோவ், வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று டிரைவர் கத்தினார்.

"வீட்ல யாரும் இல்லீங்க" என்றார் அண்ணன், மிகவும் மரியாதையாக.

பஸ்ஸிலிருந்தவர்கள் சிரித்தார்கள். கடை வாசலில் நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்கு மேலே ஒரு அறையில் தனியாக இருந்தவர் அவர். அவருக்கு உண்மையிலேயே சொல்லிவிட்டு வர ஆளில்லை.

அன்றிலிருந்து தினமும் நச்சரித்தேன். "கண்ணு காட்டுனீங்களாண்ணே?"

"மிஷின்ல ஓடுதும்மா."

எனக்கு ராத்திரித் தூக்கம் போனது. ரோட்டில் எங்கே பிரேக் சத்தம் கேட்டாலும் எழுந்து வாசலுக்கு ஓடினேன். அவர் நிம்மதியாகப் பிரஷ்ஷால் தூசு தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் இலவசக் கண் பரிசோதனை முகாமுக்கு ஒரு பேனர் ஆர்டர் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் முகாம். அந்த வாரம் முழுக்க முகாம்காரர்கள் போன் செய்தார்கள், வாரம் முழுக்க டேபிள் ஃபேன் பதில் சொன்னது. சனிக்கிழமை மத்தியானம் பார்த்தால் ஸ்கிரீனில் ஒரே ஒரு பெரிய கண் படம். எழுத்து ஒன்றுகூட இல்லை. அண்ணன் கீபோர்டைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்.

நான் கத்திவிட்டேன். "இன்னும் என்னண்ணே பண்றீங்க?"

"அந்தக் கண்ணு என்னையவே பாக்குது தாயி."

பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "எங்கப்பாவுக்கும் இப்பிடி ஓரத்துலேருந்துதான் ஆரம்பிச்சுச்சு. ரொம்ப நாள் கழிச்சு டாக்டர்ட்ட போனாரு. போன அன்னைக்குத்தான் இனிமே பார்வை வராதுன்னு ஆச்சு. போகாத வரைக்கும் எங்கப்பா நல்லாத்தான இருந்தாரு?"

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அவர் கணக்கு இதுதான். போகவில்லையென்றால் வியாதி இல்லை. முடிக்கவில்லையென்றால் தப்பு இல்லை. முடிக்காத பேனர் மாதிரி தன் கண்ணையும் ஓரமாக வைத்திருந்தார் மனிதர். அவருக்காகப் பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்துபோனது. வேறு யாருக்காகவாவது பேசிப் பார்த்தேன்.

"இந்த பேனரு நாளைக்குக் காலையில கட்டலேன்னா, ஒங்கப்பா மாதிரி ஒருத்தர் அந்தப் பள்ளிக்கூடத்தத் தாண்டி நடந்து போயிருவாருண்ணே. பாத்திருந்தா உள்ள வந்திருப்பாரு."

பிரஷ் நின்றது. கீபோர்டை நிமிர்த்தினார். "அங்கிட்டு ஓரத்துல நீ உக்காரு. எழுத்து வெளிய போகுதான்னு பாத்துச் சொல்லு" என்றார். டீ ஆறுவதற்குள் பேனர் முடிந்துவிட்டது. மிஷின் நிஜமாகவே ஓடியது. அந்தச் சத்தத்தை அவரும் நானும் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பூட்டு திறக்கும் வழி தெரிந்துவிட்டால் விடுவேனா? "அண்ணே, எனக்கும் கண்ணு எரியுது. நாளைக்கு முகாமுக்குப் போகணும், தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வாங்க" என்றேன்.

மறுநாள் நான் வழக்கம்போல வெகு சீக்கிரமே போனேன். எனக்கும் முன்னால் அவர் வந்து நின்றார்! தலை சீவி, துவைத்த சட்டை போட்டு, எனக்காக வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தார். எங்கள் முறை வந்ததும் அவர் முதுகைப் பிடித்துத் தள்ளினேன். "மொதல்ல நீங்க காட்டுங்க. வலிக்குதான்னு பாத்துட்டுச் சொல்லுங்க."

"பயந்தாங்கொள்ளி" என்று என்னைத் திட்டிவிட்டு உட்கார்ந்தார்.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணுக்குள் பிரஷர் ஏறியிருக்கிறது, இடது கண்ணின் ஓரப் பார்வை போயிருக்கிறது என்றார். "தெரியாமலா இருந்துச்சு? இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

அண்ணன் வாயைத் திறந்தார். அந்த வசனத்தைச் சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் பகீரென்றது. அவர் சொல்லவில்லை.

"பயமா இருந்துச்சுங்க" என்றார்.

டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், தினமும் ஒருநாள்கூட விடாமல் சொட்டு மருந்து போட வேண்டும், நிறுத்தினால் தான் பொறுப்பில்லை என்றார். இன்னும் சரியாகப் பார்க்க ஒரு மருந்தை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். அதற்குள் என் கண்ணையும் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. மத்தியானமே முகாம் வேன் புதுக்கோட்டைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டது. "சட்டையை மாத்திட்டு இந்தா வந்துர்றேன்" என்றவரை, போட்டிருந்த சட்டையின் காலரைப் பிடித்து ஏற்றினேன்.

ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் இழுத்துக்கொண்டு போகலாம். தினமும் சொட்டு மருந்துக்கு என்ன செய்வது? கொஞ்ச நாளில் எனக்குக் கல்யாணமாகி திருச்சிக்குப் போக வேண்டி வந்தது. மூட்டை கட்டும்போதெல்லாம் அந்தச் சின்ன மருந்து பாட்டில்தான் கண்முன் நின்றது. கடைசியில் ஒரு பொய்யைச் சொன்னேன்.

"எனக்கும் சொட்டு மருந்து குடுத்திருக்காங்கண்ணே. மறந்து மறந்து போயிருது. தெனம் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு போன் பண்ணி ஞாபகப்படுத்துறீங்களா?"

"இதென்ன கேட்டுக்கிட்டு?" என்றார்.

அன்றிலிருந்து போன் வருகிறது. "விட்டாச்சா ஆத்தா?" "விட்டாச்சுண்ணே. நீங்க?" "இந்தா, ஒன்னோட சேந்து விட்டுட்டேன்." என் பிரசவத்தன்றுகூட வந்தது. இன்றைக்கும் அவர் கடை பேனர்கள் லேட்டாகத்தான் போகின்றன. போன் மட்டும் லேட்டானதில்லை. பார்வை அப்படியே நிற்கிறது என்று டாக்டர் சொன்னாராம்.

போன மாதம் ஊரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. போன் வந்தது. பழக்கத்தில், "விட்டாச்சுண்ணே" என்றேன்.

"ஓடுற பஸ்ல, கூட்டத்துல எப்பிடி ஆத்தா விட்டே?"

அந்தப் பக்கம் அவர் சிரித்தார்.

"ஒனக்குக் கண்ணுல ஒண்ணுமில்லேன்னு டாக்டரம்மா சொன்னப்ப நான் பக்கத்து பெஞ்சுலதான இருந்தேன்? கண்ணத்தான மூடச் சொன்னாக, காதையுமா மூடச் சொன்னாக?"

"அப்ப இத்தன வருஷமா ஏண்ணே போன் பண்ணுனீங்க?"

"நான் மருந்து விட்டேனா இல்லையான்னு தெரியலேன்னா ஒனக்குத் தூக்கம் வராதுல்ல? என் கண்ணுன்னா தள்ளிப்போட்டுருப்பேன். இது ஒன் தூக்கமாச்சே, தள்ளிப்போட முடியுமா?"

பஸ் குலுங்கிக்கொண்டு போனது. நான் போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளும் அதே நேரத்துக்கு போன் வந்தது. "விட்டாச்சா ஆத்தா?" என்றார். "விட்டாச்சுண்ணே" என்றேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன்.