இனிப்பு சேர்க்கப்படவில்லை

சுகர் மெஷினில் 268 என்று வந்ததும் டில்லிபாபு முதலில் சந்தேகப்பட்டது மெஷினைத்தான். திருப்பிப் பார்த்தான். பின்பக்க லேபிளில் எல்லாம் சரியாக இருந்தது. ஆகவே மெஷின் யோக்கியம். மிச்சம் இருந்தது அப்பா. அவர் பெயரே அப்பாவு.

"நைனா, உண்மைய சொல்லு. இன்னா துன்ன?"

"நீ கலக்கிக் குட்த்த மாவுதான்டா," என்றார் அப்பாவு. "இன்னொரு டம்ளர் கீதா?"

இதுதான் டில்லிபாபுவுக்குப் புரியவில்லை. சர்க்கரை நோய்க்கான சத்துமாவைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும் மனிதர், இரண்டு நாளாகக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். சர்க்கரை மட்டும் ஏறுகிறது.

வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். சர்க்கரை இருநூறுக்குக் கீழே இருந்தால்தான் கத்தி வைப்பார்களாம். முன்பு இரண்டு முறை இதனாலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறையும் இப்படி வந்தால் இலவசப் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆபரேஷன் அவசரம்தான். போன வாரம் வாசலில் நின்ற காஸ் சிலிண்டரை எதிர்வீட்டு ஜெகதீசன் என்று நினைத்து, மெட்ரோ தண்ணீர் வராததைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தார் அப்பாவு. "நல்ல மனுசன்டா, குறுக்க ஒரு வார்த்தை பேசல" என்று பாராட்டு வேறு.

ஆனால் டில்லிபாபுவின் மனைவி ரமாபாய் கையில் பொறுப்பு இருந்த இந்த மூன்று மாதமும் கிழவரின் சர்க்கரை நூற்று நாற்பதைத் தாண்டியதில்லை. திங்கட்கிழமை அவள் தங்கையின் பிரசவத்துக்காகப் புளியந்தோப்புக்கு ஆட்டோ ஏறினாள். ஆட்டோ டோல்கேட் சிக்னலைத் தாண்டியிருக்காது, இங்கே சர்க்கரை கிளம்பிவிட்டது.

டில்லிபாபு ஒன்றும் விவரம் தெரியாதவன் இல்லை. எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில், ரசாயன டிரம்களின் லேபிள்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. அங்கே ஒரே ஒரு சட்டம்தான்: லேபிளை நம்பு, மூக்கை நம்பாதே. டிரம்மைத் திறந்து மோந்து பார்ப்பவனுக்கு மெமோ. நக்கிப் பார்ப்பவனுக்கு மெமோ கொடுக்க அவசியம் இருக்காது. இந்தச் சட்டத்தைக் கடைப்பிடித்தே பதவி உயர்வு வாங்கியவன், லீவு போட்டுவிட்டு அதே சட்டத்தைச் சமையலறைக்குள் கொண்டுவந்தான்.

அலமாரியில் இரண்டு டப்பாக்கள். ஒன்றில் பல் முளைக்காத குழந்தை சிரித்தது: 'ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை.' இன்னொன்றில் நரைத்த தம்பதி சிரித்தார்கள்: 'சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களுக்கு. இனிப்பு சேர்க்கப்படவில்லை.' முப்பத்தாறு வயது ஆணுக்கென்று எந்தக் கம்பெனியும் டப்பா போடவில்லை. அவன் மிச்சம் மீதியைச் சாப்பிட்டு உயிர் வாழ வேண்டும் என்பது உலக வழக்கம்.

திங்கட்கிழமை மத்தியானமே ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தான். சிலிண்டருக்கும் ஜெகதீசனுக்கும் வித்தியாசம் தெரியாத அப்பாவு, அலமாரிக்கு நேராக நடந்துபோய், குழந்தை டப்பாவை அலுங்காமல் திறந்து, ஸ்பூன் ஸ்பூனாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா! அது யசோதரா பாப்பாவோட மாவு! ஒன்றரை வயசுக் கொயந்த சோத்துல கை வெக்கிறியே!"

"சூடு கீதான்னு பாத்தேன்டா."

"பவுடர்ல இன்னா சூடு?"

குழந்தை டப்பா பரண் மேல் ஏறியது. அப்பாவுக்கு மூன்று வேளையும் நரைத்த தம்பதி டப்பா. பாப்பாவுக்குப் பரணிலிருந்து இறக்கி அளந்து கொடுத்துவிட்டு மறுபடியும் பரண். வயதுக்கேற்ற உணவு, லேபிளுக்கேற்ற வாய். டில்லிபாபு திருப்தியாகக் கையைத் தட்டிக்கொண்டான்.

பாப்பா மட்டும் முதல் ஸ்பூனிலேயே வாயைப் பூட்டிக்கொண்டது. இரண்டாவது ஸ்பூனை அவன் சட்டையில் துப்பியது. பிறகு அழ ஆரம்பித்து, தெருவுக்கே தெரியப்படுத்தியது.

பக்கத்து வீட்டு சிலுவையம்மாள் மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்தாள்.

"இன்னாப்பா டில்லி, கொயந்த இப்டி அயுதுகினு கீது? நவுரு, நான் கலக்கித் தரேன்." நேராகப் போய் நரைத்த தம்பதி டப்பாவை எடுத்தாள்.

"அக்கா! அத்த கீய வை! அது நைனாவோடது."

"இல்ல தம்பி, இதுல..." என்று ஆரம்பித்தவள் கூடத்தைப் பார்த்தாள். கட்டிலில் இருந்த அப்பாவு காதை இந்தப் பக்கம் திருப்பினார். கண் போன நாளிலிருந்து அவருக்குக் காது இரண்டு ஆள் வேலை பார்க்கிறது. சிலுவையம்மாள் வாயை மூடிக்கொண்டு, புருவத்தைத் தூக்கி, கண்ணைப் பரண் பக்கம் உருட்டி, முகவாயால் கிழவரைக் காட்டினாள்.

"கண்ல தூசாக்கா? தண்ணி ஊத்திக் கயுவு."

"ஐய, இவன் வேற," என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை வந்ததுதான் அந்த 268. டில்லிபாபு யோசித்தான். மருந்து போதவில்லை என்றால் அளவைக் கூட்டுவதுதானே முறை? சோற்றை நிறுத்தினான். ஒரு டம்ளர் மாவை இரண்டு டம்ளர் ஆக்கினான். அப்பாவு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. டம்ளரைக் கவிழ்த்து, அடியில் தங்கியதை விரலால் வழித்து நக்கினார்.

"பெத்த புள்ளன்னா நீதான்டா," என்றார், கண் கலங்கி.

அன்று சாயங்காலம் 312.

வேறு வழியில்லாமல் ரமாபாய்க்குப் போன் போட்டான். கையில் பாப்பா இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான்.

"யோவ், மாமா பக்கத்துல கீறாரா?" என்றாள் அவள் எடுத்ததும்.

"இதோ, தோள் மேலயே கீறாரு. சொல்லு."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ ஒண்ணும் பண்ணாத. எது எங்க இருந்துச்சோ அங்கயே வை. மாமாவ அவரு போக்குல உட்டுடு. அவ்ளோதான்."

"அவரு போக்குல உட்டா டப்பாவையே முயுங்கிடுவாரு!"

"முயுங்கட்டும்யா! கண்டுக்காத!"

போன் வைக்கப்பட்டது. கணவன்மீது ஒரு மனைவிக்கு இவ்வளவுதான் நம்பிக்கை என்று டில்லிபாபு வருந்தினான். பரணைப் பார்த்தான். டப்பா பத்திரமாக இருந்தது. அது போதும் அவனுக்கு.

வியாழக்கிழமை காலையில் பாப்பா தானே ஒரு முடிவுக்கு வந்தது. தத்தித் தத்தி நடந்து போய்த் தாத்தாவின் டம்ளரைப் பிடித்து இழுத்தது. தாத்தா விடவில்லை. பாப்பாவும் விடவில்லை. எழுபத்திரண்டு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் நடந்த அந்த இழுபறியில் பாப்பா ஜெயித்து, பாதியைக் குடித்துவிட்டு, மீதியைத் தன் அப்பா முகத்தில் வீசியது.

டில்லிபாபுவின் உதட்டில் ஒரு சொட்டு வழிந்தது. யார்டு சட்டம் அறியாமல் நாக்கு வெளியே வந்தது.

இனித்தது.

சாதாரண இனிப்பில்லை. கேழ்வரகு, பாதாம், பேரீச்சம்பழம், நாட்டுச்சர்க்கரை எல்லாம் கலந்து இனித்தது. பரண் டப்பாவை இறக்கி, வாழ்க்கையில் முதல்முறையாக மனமறிந்து சட்டத்தை மீறி, ஒரு விரல் தொட்டு வைத்துப் பார்த்தான். சப்பென்று இருந்தது.

குழந்தையின் மாவு கிழவர் டப்பாவில். கிழவரின் மாவு குழந்தை டப்பாவில்!

டில்லிபாபுவுக்கு உடம்பு சிலிர்த்தது. மணலியில் டேங்கர் வெடிக்காமல் தடுத்தவன்கூட இவ்வளவு பெருமைப்பட்டிருக்க மாட்டான். எத்தனை காலமாக இந்த ஆபத்து இந்த வீட்டில் குடியிருக்கிறதோ! ரமாவிடம் பக்குவமாகத்தான் சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டான். குண்டானில் ஒன்றைக் கொட்டி, டப்பாக்களைக் கழுவித் துடைத்து, எது எதில் இருக்க வேண்டுமோ அது அதில் போட்டான். பாப்பா இனிமேல் அடிக்கடி சாப்பிடும் என்பதால் குழந்தை டப்பாவைப் பரணிலிருந்து இறக்கி அடுப்பு மேடையிலேயே வைத்தான்.

பாப்பா வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது. லேபிள் வென்றது.

அடுத்து அப்பாவுக்குச் சரியான மாவைக் கலக்கிக் கொடுத்தான். அப்பாவு ஆசையாக வாங்கி ஒரு வாய் குடித்தார். அந்த வாய் அப்படியே ஜன்னல் வழியாக வெளியே போனது.

"இது இன்னாடா, வள்ளூர் பவர் ஹவுஸ் சாம்பலா?"

"உனக்கான மாவு நைனா. நார்ச்சத்து."

"நாரு வோணும்னா தொடப்பத்த துன்னுட்டுப் போறேன். அந்தப் பயைய மாவு எங்கடா?"

"அது தப்பான மாவு."

"ஜென்மத்துக்கும் நீ சரியா செஞ்சது அது ஒண்ணுதான்டா!" என்று அப்பாவு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை டில்லிபாபு குளித்துவிட்டு வந்தபோது, அப்பா சலவை வேட்டியில், சாதுவாக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ராத்திரி பட்டினி கிடந்ததில் நிச்சயம் சர்க்கரை இறங்கியிருக்கும் என்று டில்லிபாபு நினைத்தான். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சிலுவையம்மாளும் துணைக்கு வந்தாள். ஆட்டோவில் மூன்று முறை அவன் காதுகிட்டே வந்து ஏதோ சொல்லப் பார்த்தாள். மூன்று முறையும் அப்பாவு நடுவில் தலையை நீட்டி, "இன்னாம்மா, ஏங்கிட்டயும் சொல்லு" என்றார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்தாள். பிறகு அப்பாவுவின் முகத்தைப் பார்த்தாள். மீசை ஓரம் பழுப்பாக இருந்தது.

"391. ஐயா, வர வழியில ஜிலேபி சாப்டீங்களா?"

"சேச்சே. கொயந்த மாவும்மா. நேத்து வரைக்கும் அந்த டப்பாவுல இத்தினி ருசி இருந்ததில்ல. இன்னிக்கு அள்ள அள்ள..." என்று ஆரம்பித்த அப்பாவு, மகன் பக்கத்தில் நிற்பது நினைவுக்கு வந்து நிறுத்தினார்.

பெயர் அடிக்கப்பட்டது. இனி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம். உள்ளே அப்பாவு, பெயரை மறுபடி எழுதச் சொல்லி ஒரு ஸ்டாண்டு ஃபேனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

வெளியே பெஞ்சில் டில்லிபாபு இடிந்துபோய் உட்கார்ந்தான்.

"இன்னா தப்பு பண்ணேன் அக்கா? வயசு பாத்து, லேபிள் பாத்து குட்த்தேன். திருட்ட தட்த்தேன். ரமா கவனமில்லாம மாத்திப் போட்டு வெச்சிருந்தத கூட நான்தான் கண்டுபுடிச்சு சரி பண்ணேன்!"

சிலுவையம்மாள் பாப்பாவை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். கிழவர் காதுக்கு எட்டாத தூரத்தில்தான் இருந்தார். ஐந்து நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டாள்.

"அட கூறு கெட்டவனே, கைல குட்த்தா உங்க நைனா துப்புவாரு, திருடுனாதான் துன்னுவாருன்னு தெரிஞ்சிதான் அவரு மாவ கொயந்த டப்பாவுல போட்டு கைக்கு எட்றாப்ல வெச்சுட்டுப் போனா உம் பொண்டாட்டி, மூணு மாசமா அந்த மனுசன் ஒயுங்கா திருடிக்கினு இருந்தாரு, நீ பூந்து கெட்த்துட்ட!"