இன்னும் கொஞ்சம் போடு

முதல் வாயிலேயே டிராயிங் மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது, மூக்கு வேலை செய்கிறது என்று. தட்டிலிருந்த காய் தீய்ந்துபோயிருந்தது.

சைனஸ் ஆபரேஷன் முடிந்து மூக்கிலிருந்த பஞ்சை எடுத்த பிறகு அவர் வீட்டில் சாப்பிடும் முதல் சாப்பாடு அது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே மூக்கடைப்பு. மனைவி எதை வைத்தாலும் பிரமாதம் என்று சாப்பிட்டே பழகியவர். இத்தனை வருஷமாகப் புகழ்ந்தது இந்தக் கருகலைத்தானா என்று திகைத்தார். இப்போது முகம் சுளித்தால் பழைய பாராட்டெல்லாம் பொய்யாகிவிடும். மனைவிமேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். கொஞ்சம் பயமும் உண்டு.

அவள் எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாசனை தெரியுதாங்க?"

"கமகமன்னு இருக்கு. இன்னும் கொஞ்சம் போடு."

அவள் முகம் வாடிவிட்டது. பாராட்டு போதவில்லை என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். மறுநாள் இன்னும் கருகலாக வந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டார். அதற்கடுத்த நாள் வந்தது வெறும் கரி. உன் கைப்பக்குவமே தனி என்று சொல்லி அதையும் விழுங்கினார். சமையலறையில் அவள் விசும்பும் சத்தம் கேட்டது. ஆனந்தக் கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே அவள் ஆபரேஷன் செய்த டாக்டருக்குப் போன் செய்து, ஸ்கேனுக்கு அவரைக் கையோடு அழைத்துப் போய்விட்டாள். தலையை ஆட்டக் கூடாது என்று சொல்லிப் படுக்க வைத்தார்கள். மூக்கைப் படமெடுக்கும்போது வயிற்றிலுள்ள கரியும் சேர்ந்து படத்தில் விழுந்துவிடுமோ என்று மாஸ்டர் அசையாமல் கிடந்தார்.

மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"ரெண்டு பக்கமும் நல்லாத் திறந்திருக்கு. ஆனா உங்களுக்கு வாசனையே தெரியலைன்னு வீட்டுல சொல்றாங்க. மறுபடியும் ஒரு ஆபரேஷன் பண்ணிப் பார்த்துடலாம்."

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"எல்லா வாசனையும் தெரியுது டாக்டர். அவ சமையல்தான் தீய்ஞ்சு போகுது. பாவம், மனசு நோகுமேன்னு சொல்லல."

ஓரமாகக் கத்தரிகளைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் நிமிர்ந்தாள்.

"தினமும் வேணும்னே தீய்ச்சு வெச்சுப் பாருங்க, மூக்கு சரியாயிருந்தா முகத்தைச் சுளிப்பாருன்னு அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான் சார்."