காற்றுக்குக் காத்திருக்கும் கப்பித்தான்

கண்டியில் பூகோளம் படிப்பிக்கும் கிளறன்ஸ் மாஸ்டர், குடும்பத்தோடு பாய்த்தோணி ஏறி, புத்தளத்திலிருந்து மன்னார் வரை ஒரு மாதம் கடலோடப் போகிறாராம் என்று நாவலப்பிட்டியில் யாரோ சொன்னதாகத் திகனையில் ஒருவர் என்னிடம் சொன்னார். நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதறாதீர்கள். இந்தச் செய்தி வருடா வருடம் வருகிறது. தோணிதான் இன்னும் புறப்படவில்லை.

இவர் கரைக் கப்பித்தான், அதாவது கரையை விட்டு அசையாத கப்பல் தலைவர், என்ற இனத்தைச் சேர்ந்தவர். கடல் கண்ணில் படாத மலையூர்களில்தான் இந்த இனம் செழிக்கும். எப்படி அடையாளம் காண்பது? மழை வந்தால் நாம் குடையை விரிப்போம். இவர் விரலை நக்கி உயர்த்தி, காற்று எந்தத் திசை என்று பார்ப்பார். ஒல்லாந்தர் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டியதையும், அரிப்பில் முத்துக் குளித்ததையும், போர்த்துக்கீசப் பறங்கியர் மன்னாரை இழந்ததையும் பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொல்வார். ஞாயிறு பூசை முடிந்ததும் கூடத்துக் கதிரைகளை வரிசையாகப் போட்டு, முன்னால் மனைவி டொரதி, நடுவில் மகள் றீற்றா, பின்னால் குடையைச் சுக்கானாகப் பிடித்தபடி தாம் என்று உட்கார்ந்து, தொப்பி மாட்டும் கம்பத்தில் படுக்கை விரிப்பைப் பாயாகக் கட்டி ஒத்திகை நடத்துவார். கண்டி வாவியில் ஒருமுறை படகேறியவர் கரை சேரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. இதை டொரதி சொல்லமாட்டார், படகோட்டி சொன்னார்.

டொரதிக்குக் கோட்டையும் வேண்டாம், முத்தும் வேண்டாம். மலேரியா ஊரை வாரிக்கொண்டு போன வருடம், றீற்றா பிழைத்தால் குடும்பமாகத் தோணியேறி, புத்தளத்துக்கு அக்கரையிலுள்ள தலவில அன்னம்மாள் கோயிலுக்கு வந்து, பிள்ளை உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்திருந்தார். பிள்ளை பிழைத்தது. திரியும் வாங்கியாயிற்று. ஆனால் பங்குனித் திருநாள் வந்தால் காற்று போதாது. ஆடித் திருநாள் வந்தால் காற்று அதிகம். அலுமாரிக்குள் திரி நின்றது, வெளியே றீற்றா வளர்ந்தாள். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத் திரி மூங்கில் மாதிரி கணுக்கணுவாகிவிட்டது.

"என்னங்க, இனி ஒட்ட முடியாது. திரி ஏத்தப்போறியா, பந்தக்கால் நடப்போறியான்னு பங்குச் சாமியாரே கேக்குறாரு."

"அவசரப்பட்டாக் கடல் ஏத்துக்காது டொரதி. காத்து கொஞ்சம் திரும்பட்டும்."

"காத்து எத்தனையோ தரம் திரும்பிருச்சு. நீங்கதான் திரும்பல."

இந்த ஆடியில் டொரதி காற்றைக் கேட்கவில்லை. றீற்றாவைக் கூட்டிக்கொண்டு, திரியைத் தூக்கிக்கொண்டு, கலகெதர வழியாகப் புத்தளம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார். திரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு போனதாம்.

"குடும்பமா வர்றதாத்தான் நேந்தேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். "நாளைக்கு மத்தியானம் புத்தளத்திலேருந்து நம்ம தெரு சாஹுல் ஹமீது நானா கடைக்குப் போன் பண்ணுவேன். வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தோணிய நிப்பாட்டி வைக்கிறேன். சொல்லலேன்னா நாங்க ரெண்டு பேரும் போறோம். நேர்த்தி பாதிதான். அன்னம்மா பொறுத்துக்கட்டும்."

மறுநாள் மத்தியானம் மாஸ்டர் கடைக்கு வந்தார். அதை நான் மறுக்கமாட்டேன். பிஸ்கட் பெட்டிமேல் உட்கார்ந்து, அரிசி வாங்க வந்த ராக்கம்மாவுக்குக் கற்பிட்டிக்கு அப்பால் நீரோட்டம் எப்படி வளையும் என்று விளக்கத் தொடங்கினார். போன் அடித்தது.

"உங்களுக்குத்தான் மாஸ்டர்" என்றார் சாஹுல் ஹமீது. "நான் எடுத்து என்னத்தச் சொல்ல?"

"பொறுங்க நானா. இந்த அம்மாவுக்கு நீரோட்டத்தச் சொல்லி முடிச்சிடறேன்."

"எனக்கு அரிசி போதுங்க" என்றார் ராக்கம்மா. "நீங்க போனை எடுங்க."

மாஸ்டர் விரலை நக்கி உயர்த்தினார். கடைக்குள் காற்றில்லை.

சிரிக்கிறீர்களா? வேளாங்கண்ணிக்குப் போவதற்கென்று நீங்கள் வாங்கிய தோற்பெட்டிக்குள் இப்போது என்ன இருக்கிறது? பழைய போர்வைகள்தானே? அப்படியானால் கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள். போன் இன்னும் அடிக்கிறது.