பூச்சிப் புரதமும் ஒரு பொட்டலம் சலவைத்தூளும்

எதிர்பார்த்த விடை கிடைத்ததும் மூளையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் கட்சியின் கொள்கை பரப்புச் செயலாளராகவே நான் இருந்திருக்கிறேன்.

பூச்சி தோலுரித்து வளர ஒரு ஹார்மோன் வேண்டும். அந்த ஹார்மோனை ஏற்கும் புரதம், டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் போய் ஒட்டும். எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று அளப்பதுதான் என் ஆய்வு. டிஎன்ஏ துண்டில் நீலமாக ஒளிரும் சாயத்தைச் சேர்த்து, புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால், ஒட்ட ஒட்ட வெளிச்சம் ஏற வேண்டும். எனக்கு இரண்டு வருடமாக ஏறவேயில்லை.

"திங்கக்கிழமை ஆய்வுக் குழு கூடுது. அதுக்குள்ள ஒரு நல்ல அளவீடு இல்லேன்னா தலைப்பையே மாத்திடுவாங்க" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியை. (இரண்டு வருடமும் குப்பைக்கு!)

விடுவேனா? சனிக்கிழமை காலையே பருத்திப்பட்டு வீட்டிலிருந்து ஆய்வகத்துக்குக் கிளம்பினேன். அளக்கும் கண்ணாடிக் குப்பி ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் கழுவியாக வேண்டும். கழுவும் திரவமோ தீர்ந்திருந்தது. அப்பாவின் வெள்ளைச் சட்டைக்கு அம்மா வைத்திருந்த சலவைத்தூளில் ஒரு பொட்டலம் கட்டிக்கொண்டேன்.

முதல் அளவீட்டுக்குப் பத்து முறை அலசினேன். அடுத்ததற்கு எட்டு முறை, வெளிச்சம் கூடியது. உற்சாக அவசரத்தில் ஆறு முறைதான் அலசினேன், இன்னும் கூடியது. ஐந்து, மூன்று... கடைசிக்கு ஒரே முக்கு. வரைபடம் மேம்பாலம் மாதிரி ஏறியது.

திங்கட்கிழமை நெஞ்சை நிமிர்த்தி விளக்கினேன். குழுவில் ஒருவர் கேட்டார்: "புரதமே போடாம, வெறும் தண்ணிய அளந்தீங்களா?"

"தேவையே இல்ல சார். வேணும்னா இப்பவே காட்டறேன்!" (இந்த வாய்க்கு ஒரு பூட்டு இல்லை.)

குழுவை ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், சனிக்கிழமை கடைசியாகக் கழுவிய அதே லட்சணத்தில் குப்பியைக் கழுவி, தண்ணீர் ஊற்றி வைத்தேன். ஆய்வக உதவியாளர் ஏழுமலை அண்ணன் திரையைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னா தம்பி, வெறும் தண்ணி உன் புரோட்டீனவிட ஜாஸ்தியா மின்னுது!" பொட்டலத்தை மோந்து பார்த்தார். "அட, தொவைக்கிற பவுடரு! கச்சேரில நீல லைட்டு போட்டா வெள்ளச் சட்டைங்கல்லாம் ஜொலிக்குமே, இதுல தோச்சதுதான்!"

உண்மை. துணியை வெளுப்பாகக் காட்ட அதில் கலந்திருப்பதும் நீலமாக ஒளிரும் சாயமே. அலசல் குறையக் குறைய தூள் தங்கியிருக்கிறது. பூச்சிக்கும் டிஎன்ஏவுக்கும் பேச்சுவார்த்தையே நடக்கவில்லை. நான் துல்லியமாக அளந்தது என் சோம்பேறித்தனத்தை.

"ஒரு மாசம் குடுங்க சார்."

"எதுக்கு? வேற சோப்பு போட்டுப் பாக்கவா?"

அறையே சிரித்தது. வழிகாட்டி சிரிக்கவில்லை. நான் நகரவும் இல்லை. கடைசியில் கொடுத்தார்கள்.

அந்த ஒரு மாதம் புரதத்தைத் தினமும் புதிதாகத் தயாரித்தேன். சூட்டில் கெட்டுவிடுமென்று பனிக்கட்டியைவிட்டு அதை நகர்த்தவில்லை. குப்பியை இருபது முறை அலசினேன், வெறும் தண்ணீரை ஒவ்வொரு தடவையும் அளந்தேன். விரல்கள் ஊறி வத்தலாயின. கடைசியில் வெளிச்சம் ஏறியது. மேம்பாலமில்லை, வேகத்தடை உயரம்தான். ஆனால் ஐந்து முறை அளந்தாலும் அதே உயரம். தலைப்பு தப்பியது, டாக்டர் பட்டமும் வந்தது.

நடந்ததை வீட்டில் சொன்னதுதான் தப்பு. இன்றும் விருந்தாளி கையில் காபியைக் கொடுக்கும்போதெல்லாம் அம்மா சொல்கிறாள்:

"தைரியமா குடிங்க, டம்ளர டாக்டர் கழுவல."