பூர்த்தி சார் அமெரிக்காவுக்கு அனுப்பிய ஃபாரம்

காலிக் கட்டத்தைப் பார்த்தால் கண் கலங்குகிற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பூர்த்தி சார். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய நான் தயார்.

ஏதோ ஓர் அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காஞ்சிபுரம் தாலுகா ஆபீஸுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மடக்கு மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுப்பார். ‘படிவத்தின் எல்லாக் கட்டங்களையும் பூர்த்தி செய்யவும்’ என்று எங்கே அச்சிட்டிருந்தாலும் அதை அவர் சட்டமாக எடுத்துக்கொள்வார்; பேரே அதனால் வந்ததுதான். ஒரு கட்டத்துக்கு விடை இல்லையென்றால் ‘பொருந்தாது’ என்று எழுதுவார். ‘பொருந்தாது’ என்ற சொல் கட்டத்துக்குள் பொருந்தாவிட்டால் தனித்தாள் இணைப்பார்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் அர்ச்சனைக்குப் போனால் எல்லாரும் பேரும் நட்சத்திரமும் சொல்வார்கள். இவர் ஒரு துண்டுத்தாளில் நிரந்தர முகவரி, தற்காலிக முகவரி இரண்டையும் எழுதி நீட்டுவார்.

“பெருமாளுக்குப் பின்கோடு எதுக்கு சார்?” என்றார் பட்டாச்சாரியார் ஒருநாள்.

“அருள் பக்கத்து வீட்டுக்குப் போயிட்டா யாரு சாமி பொறுப்பு?”

ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிக் குலுக்கலுக்கு ஒரு கூப்பன் கொடுத்தார்கள். ‘தொழில்’ என்ற இடத்தில் ஒரு விரல் அகலம்தான் இருந்தது. முப்பது வருட சர்வீஸை ஒரு விரலில் எப்படி அடக்குவது? மூன்று இணைப்புத் தாள்களோடு குண்டூசி குத்திக் கொண்டுபோனார். பெட்டியின் ஓட்டைக்குள் அது நுழையவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கச் சொல்லி அரைமணி நேரம் வாசலிலேயே நின்றார். கடைசியில் கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கையில் கொடுத்து, “உங்களுக்குத்தான் சார் முதல் பரிசு, கெளம்புங்க” என்று அனுப்பிவைத்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவருக்கு ரேஷன் கார்டு மனு எழுதும்போது, “உங்க மாமியார் நிரந்தரமா, தற்காலிகமா?” என்று கேட்டுவிட்டார். அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. இவராகப் பேனாவால் போட்ட கட்டம். அந்த அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. மருமகன் யோசித்தது ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடத்துக்காக அந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை.

நான் அப்போது பிள்ளையார்பாளையத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்தைத் தாண்டிச் சில வருடங்கள். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஃபேக்ஸ் மெஷின், ஓடும்போதெல்லாம் பொருமுகிற ஒரு மின்விசிறி. எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. வேகமாகக் கிடைக்கும் என்றுதானே இன்டர்நெட்டே வைத்தேன்! அப்படிப்பட்ட என் கடைக்குள் பூர்த்தி சார் வந்து உட்காரக் காரணம் வளர்மதி.

வளர்மதி எங்கள் தெருப் பெண். வீட்டுக்காரரும் அவளும் தறியில் உட்காருவார்கள். ஓர் அமெரிக்க ஏலத் தளத்தில் பட்டுப்புடவை விற்கலாம் என்று நான் விளையாட்டாகச் சொன்னதை அவள் வினையாகவே பிடித்துக்கொண்டாள். மொட்டைமாடியில் கயிற்றுக் கட்டில் போட்டு, புடவையை விரித்து, கடன் வாங்கிய கேமராவில் படம் எடுத்துக்கொண்டு வருவாள். அவள் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் அடிப்பேன். ‘அசல் பட்டுதானா?’ என்று அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மாள் கேட்டால், என் கடைக்குள்ளேயே ஒரு நூலைக் கொளுத்தி என் மூக்கருகில் நீட்டி, “முடி கருகின வாசனை வருதுல்ல? அதை எழுதுண்ணா” என்பாள். வாசனையை எப்படியம்மா டைப் அடிப்பது? ஆனாலும் அடித்தேன். விற்றது. டொரன்டோவில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட முகூர்த்தப் புடவை வரைக்கும் ஆர்டர் வந்துவிட்டது.

அந்தப் புடவை தறியில் பாதி நிற்கும்போதுதான் அந்த மெயில் வந்தது. தளத்தில் பொருள் விற்கிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு வரிப் படிவம் அனுப்பவேண்டுமாம். ‘நான் உங்கள் நாட்டுப் பிரஜை இல்லை, என் வரியை என் நாட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற சமாசாரம். பத்து நாளைக்குள் ஃபேக்ஸில் வராவிட்டால் தளத்தில் அவள் வைத்திருந்த கடையை மூடிவிடுவார்கள்.

படிவத்தை அச்செடுத்துப் பார்த்தேன். எனக்கே தலை சுற்றியது. “இதுக்கு ஒரே ஆள்தான்” என்று சொல்லி, பூர்த்தி சாரைக் கூட்டிவந்தேன்.

அவர் அந்தத் தாளை வாங்கிய அழகைப் பார்க்கவேண்டுமே! பெண் பார்க்க வந்தவர் மாதிரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். மேலிருந்து கீழே படித்தார். பின்பக்கம் படித்தார். அடியில் பொடி எழுத்தில் இருந்த அச்சகக் குறிப்பையும் விடவில்லை.

“பிரமாதமான ஃபாரம்பா” என்றார். “எவனோ ரசிச்சு செஞ்சிக்கிறான்.”

முதல் கட்டத்திலேயே வண்டி நின்றது. ‘வருமானத்தின் உண்மையான பயனாளி யார்?’

“அப்டின்னா இன்னா சார்?” என்றாள் வளர்மதி.

“இந்தக் கடையில வர்ற வருமானத்தை யாரும்மா அனுபவிக்கிறது?”

“அனுபவிக்கிறதா? பசங்க ரெண்டும் பரோட்டா துன்னுக்கினு கீதுங்க சார். அதுங்க பேரைப் போட்டுடலாமா?”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “இவ வீட்டுக்காரர் பேரைப் போடுங்க சார். அவருக்குத்தான் பான் கார்டு இருக்கு, ஒரே நிமிஷத்துல முடிஞ்சிடும்” என்றேன். வளர்மதியும் தலையாட்டினாள். ஆனால் அந்தத் தலையாட்டலில் சுரத்தே இல்லை.

பூர்த்தி சார் பேனாவை மூடினார். “படம் யாரும்மா எடுக்கிறது?”

“நாந்தான் சார்.”

“பார்சல் கட்றது?”

“நானு.”

“கேக்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்றது?”

“நான் சொல்றேன், அண்ணன் அடிக்குது.”

“அப்ப உன் பேருதானே வரணும்? பொய்ச் சேதி எழுதுற ஃபாரத்தை நான் தொடமாட்டேன்.”

வளர்மதி மெதுவாகச் சொன்னாள். “ரேஷன் கார்டு மாமனார் பேருல இருக்குது சார். வூடும் அவர் பேருதான். கேஸு மாமியார் பேரு. தறி எங்க வூட்டுக்காரரு பேரு. இந்தக் கடைக்குத்தான் எம்பேரை வெச்சேன். வளர்மதி சில்க்ஸுன்னு. வேற எதுலயுமே எம்பேரு கெடயாது சார்.”

ஒரே நிமிடத்தில் முடித்துவிடலாம் என்று சொன்ன என் வாயை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மின்விசிறியைச் சரிசெய்கிற மாதிரி எழுந்து போனேன்.

அன்றே பான் கார்டுக்கு அவள் பேரில் மனு எழுதி, அந்த எண்ணுக்கான கட்டத்தில் ‘விண்ணப்பிக்கப்பட்டுள்ளது, நகல் இணைப்பு’ என்று போட்டார். இரண்டு நாட்டு வரி ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவில் சலுகை கேட்கிறீர்கள் என்ற கட்டத்துக்காக இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். வளர்மதியைப் பத்துப் பக்கம் கையெழுத்துப் போட்டுப் பழகவைத்தார். நாலாவது நாள் கறுப்பு மையில், முத்து முத்தான எழுத்தில், ஃபாரம் தயார். மடிக்கக்கூடாது என்று போட்டிருந்ததால் இரண்டு புடவைப் பெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்து, கண்ணாடி சுமப்பவர் மாதிரி நடந்து வந்தார்.

வாங்கி, பார்க்காமல் கொள்ளாமல் ஃபேக்ஸில் விட்டேன். மறுநாள் பதில் வந்தது. ‘உங்கள் படிவம் சேதமடைந்துள்ளது. நான்கு மூலைகளும் கறுத்திருக்கின்றன. தலைப்பில் அனுமதியில்லாத ஒரு குறி இருக்கிறது. ஏற்க இயலாது.’

தாளை எடுத்துப் பார்த்தேன். நாலு மூலையிலும் மஞ்சள்! உச்சியில் லட்சணமாக ஒரு பிள்ளையார் சுழி. கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவது போல அழுத்தமாகத் தடவியிருக்கிறார் மனுஷன். ஃபேக்ஸில் மஞ்சள் எல்லாம் கரியாகப் போயிருக்கிறது.

“இன்னா சார் இது?”

“சுழி போடாம, மஞ்ச வெக்காம எவனாவது ஒரு காரியம் ஆரம்பிப்பானா? முப்பது வருஷத்துல சுழி இல்லாத ஒரு காகிதம் என் கையை விட்டுப் போனது கெடயாது. அவங்களுக்கு விவரம் தெரியல. நான் எழுதிக்கிறேன்.”

எழுதினார். ‘பொருள்: தலைப்பிலுள்ள குறி குறித்த விளக்கம்’ என்று ஆரம்பித்து மூன்று பக்கம். விநாயகர் யார், தடைகளுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம், மஞ்சளின் மருத்துவ குணங்கள், எல்லாம் இருந்தது. இணைப்பு ஒன்று: எங்கள் தெருப் பிள்ளையாரின் படம். அந்த விளக்கக் கடிதத்தின் உச்சியிலும் ஒரு சுழி. நான் தடுத்தேன், கத்தினேன், கெஞ்சினேன். கேட்டால்தானே!

பதில் ஒரே வரியில் வந்தது. ‘வெள்ளிக்கிழமைக்குள் சுத்தமான படிவம் வராவிட்டால் கடை மூடப்படும்.’

அன்றைக்கு வியாழன்.

வளர்மதி வந்து அந்த வரியைப் பார்த்தாள். என் முகமே மொழிபெயர்த்துவிட்டது. “டொரன்டோ பொண்ணுக்கு இன்னா சொல்றது?” என்று மட்டும் கேட்டுவிட்டு முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

புது ஃபாரத்தை அச்செடுத்து மேஜைமேல் வைத்தேன். பூர்த்தி சார் பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். கை உச்சிக்குப் போய்ப் போய்த் திரும்பியது. நெற்றியெல்லாம் வியர்வை.

“மனசுக்குள்ள போட்டுக்கங்க சார்” என்றேன்.

“மனசுல போட்டா எந்த ரிஜிஸ்தர்ல ஏறும்? என்னால ஆவாதுப்பா. சுழி இல்லாம அனுப்பி எதனா வெவகாரமாயிட்டா இந்தப் பொண்ணுக்குத்தானே கஷ்டம்? என்னால இவ கடைக்குக் கெடுதல் வரக்கூடாது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடிவாதம் என்று நான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது பிடிவாதமே இல்லை. மனுஷன் பயந்துபோயிருக்கிறார், அவளுக்காக.

வளர்மதி நாற்காலியை இழுத்து அவர் எதிரே உட்கார்ந்தாள். “சார், புதுசா பாவு நூலு போட்டா தறிக்கு மஞ்ச குங்குமம் வெச்சு, சூடம் காட்டித்தான் ஒக்காருவோம். தறிக்குத்தான் வெக்கிறோம், சேலைக்கு வெக்கிறோமா? சேலையில ஒரு பொட்டுக் கறை இருந்தா வாங்குறவங்க திருப்பிக் குடுத்துடுவாங்களே. சாமி இன்னா கோச்சிக்கினாரா?”

பூர்த்தி சார் அவளைப் பார்த்தார். ஃபாரத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி என் ஃபேக்ஸ் மெஷினைப் பார்த்தார்.

“சார், வேணாம் சார்! அது ஜப்பான் மெஷின்!” என்று நான் அலறி என்ன பிரயோஜனம்? வளர்மதி அதற்குள் வீட்டுக்கு ஓடிப்போய் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்துவிட்டாள். பட்டை பட்டையாக மஞ்சள், நடுவில் நாணயம் அகலத்துக்குக் குங்குமம். மூடியில் பெரிதாக ஒரு சுழி. ஆயுத பூஜைக்குக்கூட நான் அதற்கு அவ்வளவு செய்ததில்லை. மெஷினைக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தவர், ஒரே மூச்சில் ஃபாரத்தை எழுதி முடித்தார். வெள்ளைவெளேரென்று ஒரு கறை இல்லாமல் இருந்தது. தாள் உள்ளே போய் வெளியே வரும்வரை மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே பூர்த்தி சார் படியில் உட்கார்ந்திருந்தார். “வந்துச்சாப்பா?” வரவில்லை. பத்து மணிக்கு, “வந்துச்சாப்பா?” பதினொன்றுக்கு வளர்மதியும் வந்துவிட்டாள். பன்னிரண்டு தாண்டியபோது வந்தது. ‘அன்புள்ள வளர்மதி, உங்கள் படிவம் ஏற்கப்பட்டது. உங்கள் கடை தொடர்ந்து இயங்கும்.’

“உம்பேரு போட்டே வந்துக்குது பாரும்மா” என்றார் பூர்த்தி சார். அவள் திரையில் அந்தப் பேரைத் தொட்டுப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “திரையைத் தொடாதம்மா, ரேகை படும்” என்று அதட்டினேன்.

மெயிலின் அடியில் ‘எங்கள் சேவை எப்படி இருந்தது?’ என்று சின்னதாக ஒரு படிவம் இருந்தது. கட்டாயமில்லை என்றும் போட்டிருந்தது. மூடப் போன என் மணிக்கட்டைப் பூர்த்தி சார் பிடித்துக்கொண்டார்.

“அஞ்சுக்கு மூணு நட்சத்திரம் போடு. ரெண்டு தடவை திருப்பி அனுப்பிச்சாங்க இல்ல?”

போட்டேன். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்ற கட்டத்துக்கு அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘மேற்படி வளர்மதி நல்ல பெண். உழைப்பாளி. நேரில் வந்து கேட்க அவளால் முடியாது. ஆகவே தாங்களே பார்த்துக்கொள்ளவும்.’

கடைசிக் கட்டம். ‘இதை எழுதுபவர் யார்? கணக்குக்காரர், ஊழியர், மற்றவர் எனில் உறவைக் குறிப்பிடவும்.’

பூர்த்தி சார் அந்தக் கட்டத்தை இரண்டு தடவை படித்தார். அவருக்கு விடை தெரியாத கட்டத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். “பொருந்தாதுன்னு போட்டுடுப்பா” என்றார் மெதுவாக.

“இன்னாத்துக்கு?” என்றாள் வளர்மதி. “எங்க வூட்டு மனுஷருன்னு போடுண்ணா.”

அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று கொஞ்சம் யோசித்து, ‘ஃபேமிலி’ என்று அடித்தேன்.

“ஸ்பெல்லிங் பாத்து அடிப்பா” என்றார் பூர்த்தி சார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவரிடம் நான் சொல்லவில்லை. எனக்கும் அவர் அப்படித்தான்.