பதினோரு சம்பளம், பன்னிரண்டு ரீசார்ஜ்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கணக்கு வராமல் கெட்டுப்போனவன் என்று நினைத்துவிடாதீர்கள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கணக்கைச் சரியாகப் போட்டேன். அன்றைக்கே வேலை போனது.

அதற்கு முன் ஆந்திராவில் போர்வெல் லாரி, திருப்பூரில் சாயப்பட்டறை, ஸ்ரீபெரும்புதூரில் பெயின்ட் வேலை என்று சுற்றினேன். எங்கேயும் நான்கு மாதம் தாண்டியதில்லை. அதனால் காவாந்தண்டலத்தில் நிர்மலாவைப் பெண் கேட்டபோது அவள் அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: "ஒரு வருஷம் ஒரே எடத்துல வேலை செய். அப்பால பொண்ணு தரேன்."

வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தேன். அன்றே போனுக்கு மாத ரீசார்ஜ் போட்டேன். (நிர்மலாவுக்காகத்தான். வேறு யார் என்னைக் கூப்பிடப் போகிறார்கள்?) பதினோராவது சம்பளம் வாங்கிய மறுநாள் பன்னிரண்டாவது ரீசார்ஜ் தீர்ந்தது. எனக்கு ஒரே ஆச்சரியம். நடுவில் ஒரு மாதம் எங்கிருந்து முளைத்தது?

ரீசார்ஜ் போட்ட உத்திரமேரூர் போன் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன்.

"இன்னாண்ணா பேஜார் பண்ணிக்கினு கீற? பிளான் இருபத்தெட்டு நாளுதான்," என்றார் கடைக்காரர்.

"மாசம்னுதானே சொன்ன?"

"அது கம்பெனி மாசம்ணா. பேசாம இந்த டப்பாவப் போட்டுட்டு ஃபைவ் ஜி போனு எடுத்துக்க."

"புது போனு வாங்குனா மாசத்துக்கு முப்பது நாளு ஆயிடுமா?"

தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்தேன். மில்லும் ஒரு கம்பெனிதானே? அப்படியானால் எனக்குப் பன்னிரண்டாவது சம்பளம் பாக்கி. நேராக முதலாளியிடம் போய் நின்றேன்.

"நேத்துதானேப்பா வாங்கின?"

"அது ஊரு மாசம் மொதலாளி. கம்பெனி மாசத்துக்கு இருபத்தெட்டு நாளுதான்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார் முதலாளி.

"அப்ப உன் வேலிடிட்டி முடிஞ்சிச்சி. இன்கமிங் கட்டு. அவுட்கோயிங் மட்டும் ஃப்ரீ, அதோ கேட்டு."

காவாந்தண்டலத்துக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். (பொய் சொல்லலாம் என்றுதான் கிளம்பினேன். நல்லதாக ஒன்றும் தோன்றவில்லை.)

"இன்னும் ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இருக்க முடியலியா ஒன்னால?" என்று கத்தினார் நிர்மலாவின் அப்பா.

"பன்னெண்டு முடிஞ்சிச்சி மாமா. கம்பெனி கணக்குல."

அவர் வாசலைக் காட்டக் கையைத் தூக்கினார். உள்ளிருந்து நிர்மலாவின் குரல் வந்தது.

"கணக்கு சரியாத்தான் கீதுப்பா. எனக்கும் அதே பிளான்தான். முந்நூத்தி முப்பத்தாறு நாளு ஆயிடுச்சி. ஊரு வருஷத்துக்கு மீதி இருபத்தொம்போது நாளு நம்ம கழனியில களை எடுக்கச் சொல்லு."

எடுத்தேன். மதியம் சோறு உண்டு, கூலி கிடையாது. முப்பதாம் நாள் கல்யாணத்துக்குத் தேதி குறித்தார்கள்.

இப்போதும் கல்யாண நாளுக்கு இருபத்தொன்பது நாள் முன்பே மாமனார் போன் செய்துவிடுவார். "மாப்ள, ஒனக்கு வருஷம் முடிஞ்சிச்சி, ஸ்வீட்டு எங்க?" நிர்மலாவுக்கோ ஊர்க் கணக்குப்படி தனியாக இன்னொரு நாள். ஆக எங்கள் வீட்டில் வருடத்துக்கு இரண்டு கல்யாண நாள். இரண்டுக்கும் கேசரி கிண்டுவது நான்தான்.