முரசுமோட்டை-1

திரையில் இருந்த வெள்ளைப் பொட்டைத் தாட்சாயினி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். போகவில்லை. கமராவின் லென்சைத் துடைத்தாள். தன் மூக்குக்கண்ணாடியையும் கழற்றித் துடைத்தாள். பொட்டு அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

இரணைமடுவுக்குப் பக்கத்தில், பழைய நெல்லுக் களஞ்சியம் ஒன்றை வாடகைக்கு எடுத்து நடக்கும் சின்ன ஆராய்ச்சி நிலையம் அது. பெரிய பலூன் ஒன்றின் கயிற்றில் பெட்டியைக் கட்டி, விமானம் பறப்பதையும் தாண்டி மேலே அனுப்புவார்கள். அந்த உயரத்தில் பகலிலும் வானம் கறுப்பு. பெட்டியில் அண்ணாந்தபடி இருக்கும் கமரா, பூமியைச் சுற்றும் செய்மதிகளையும் செத்துப்போன ரொக்கற்றுகளின் உடைசல்களையும் படம் பிடிக்கும்.

பலூனை ஏற்றிவிடுவதும், அது வெடித்துப் பெட்டி எந்த வயலில் இறங்கினாலும் லான்ட்மாஸ்ரர் உழவு மெசினில் போய்ப் பெட்டியைக் கழற்றித் துடைத்து எடுத்து வருவதும் வீரபாகுவின் வேலை. படங்களைப் பார்த்து எது எந்தச் செய்மதி என்று சொல்வது தாட்சாயினியின் வேலை. மூன்று பலூன்கள் ஒழுங்காகப் போய் வந்தால் அவளுக்கு நிரந்தர நியமனம். பிழை வந்தால் சித்தப்பாவின் ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுக்க வேண்டியதுதான்.

முதல் பலூனிலேயே இந்தப் பொட்டு. எந்தச் செய்மதிப் பட்டியலிலும் இல்லாத பொட்டு.

‘அழுக்கு’ என்று பொறுப்பாளர் கிருசாந்தன் ஒரு சொல் சொல்லிவிட்டால் நிம்மதி. படங்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனாள்.

“சேர், இது என்ரை பிழையாய்த்தான் இருக்கும்...”

கிருசாந்தன் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். “அழுக்கெண்டால் ஒரு இடத்திலை நிக்கும். இது இஞ்சையும் நிக்குது, அங்கையும் நிக்குது.”

“அதுதான் சேர் எனக்கும் பயம். பலூன் போற பக்கமெல்லாம் கூடவே வருது.”

கிருசாந்தன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “பின்தொடருது எண்டு சொல்லுறீரோ?”

“ஐயோ சேர், நான் அப்பிடிச் சொல்லேல்லை!”

“இப்பத்தானே சொன்னனீர்.”

பின்னேரத்துக்குள் கொழும்பிலுள்ள தலைமையகத்துக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி முரசுமோட்டை வயலில் இறங்கியபடியால், பொட்டுக்கு ‘முரசுமோட்டை-1’ என்று கிருசாந்தன் பெயரும் வைத்துவிட்டார்.

கொழும்புக்குத் தாட்சாயினியே ஒரு மின்னஞ்சல் எழுதினாள். எங்கெங்கே தான் பிழை விட்டிருக்கக்கூடும் என்று ஒன்றும் விடாமல் எழுதினால், அவர்களாகவே இதைக் கைவிடுவார்கள் என்பது அவள் எண்ணம். லென்ஸ் பார்த்தாயிற்று. நிலா பார்த்தாயிற்று. வெள்ளிக் கிரகம் பார்த்தாயிற்று. பறவையோ என்று யோசித்து, அந்த உயரத்துக்கு எந்தக் கொக்கும் வராது என்பதையும் விசாரித்து எழுதினாள்.

மறுநாள் பணிப்பாளரே தொலைபேசி எடுத்தார்.

“இவ்வளவு கவனமாய்ச் சோதிச்சு எங்களுக்கு ஒருத்தரும் எழுதினதில்லை, மிஸ். இனி எங்களுக்குச் சந்தேகமே இல்லை!”

சந்தேகம் முழுவதும் தாட்சாயினியிடமே தங்கிவிட்டது.

“சேர், அடுத்த பலூனிலை வேறை கமரா போடுவம். பொட்டு இல்லாட்டிப் பழைய கமராவிலைதான் பிழை” என்றாள். நல்ல யோசனை என்று அவளே நம்பினாள்.

இரண்டாவது பலூன் போய் வந்தது. புதுக் கமரா. புது லென்ஸ். படத்தில் மூன்று பொட்டுகள்.

“உடைஞ்சிட்டுது!” என்று கிருசாந்தன் துள்ளினார். “ஒண்டு மூண்டாய் உடைஞ்சிட்டுது! உடையேக்கையே பிடிச்சிருக்கிறம்!”

“மூண்டும் பலூனோடையே வருது சேர். உடைஞ்சது என்னெண்டு சேர் எங்களோடை வரும்?”

“அதுதானே அதிசயம்!”

செய்தி களஞ்சியத்தின் தகரக் கூரைக்குள் அடங்கவில்லை. முரசுமோட்டையில் முதல் பெட்டி இறங்கிய வயலின் சொந்தக்காரர் வீரகத்தி தொலைபேசி எடுத்தார்.

“பிள்ளை, மேலை என்னவோ உடைஞ்சு கொட்டப்போகுதாம், உண்மையோ?”

“பயப்பிடாதேங்கோ ஐயா. அப்பிடி வந்தாலும் எரிஞ்சுபோயிடும்.”

“எரிஞ்சோ? அறுக்கக் கிடக்கிற வயலெல்லோ பிள்ளை!”

“இல்லையில்லை, மேலையே எரிஞ்சிடும். கீழை வராது.”

“வராதெண்டு வடிவாய்த் தெரியுமோ?”

தாட்சாயினி தன் பெயரைக்கூட இருதரம் யோசித்துத்தான் சொல்லுகிறவள். “அநேகமாய்...” என்றாள்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. விடிந்ததும் முரசுமோட்டையில் வெட்டு மெசினுக்கு அடிபிடி. பச்சை மாறாத நெல்லைக்கூடச் சிலர் அறுக்கத் தொடங்கினார்கள். “ரெண்டு கிழமை அதை மேலையே பிடிச்சு வையுங்கோ பிள்ளை” என்று வீரகத்தி மறுபடியும் எடுத்துக் கெஞ்சினார்.

மூன்றாவது பலூனுக்குப் பணிப்பாளர் நேரில் வந்தார். கூடவே இரண்டு வெளிநாட்டு நிபுணர்கள். முற்றத்தில் பந்தல், கதிரைகள், படம் நேரடியாக வந்து விழப் பெரிய திரை.

“சேர், இதென்னெண்டு எங்களுக்குத் தெரியேல்லை எண்டு இப்பவே சொல்லிப்போடுவம்” என்று தாட்சாயினி கிருசாந்தனின் காதுக்குள் கெஞ்சினாள். “நிரந்தரம் கிடைக்காட்டிலும் பரவாயில்லை சேர். ஊர் பச்சை நெல்லை வெட்டுது.”

“தெரியாததைத்தானே ஆராய்ச்சி எண்டுறது! பேசாமல் இரும்.”

அவள் கணினிக்கு முன்னால் குந்தினாள். வெளியே வீரபாகு லான்ட்மாஸ்ரர்மேல் ஏறி நின்று, பிடித்திருந்த கயிற்றை விட்டான். பலூன் எழும்பியது. எல்லோரும் கழுத்து நோக அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு தேசிக்காய் பிழிந்த தேத்தண்ணி வந்தது. திரையில் நீலம் கறுத்துக் கறுத்துக் கடைசியில் முழுக் கறுப்பாயிற்று.

பணிப்பாளர் எழுந்து திரைக்கு முன்னால் போய் விரல் வைத்து எண்ணினார்.

“ஏழு!”

பந்தல் கலகலத்தது. நிபுணர் ஒருவர் தேத்தண்ணியைத் தன் காற்சட்டையில் ஊற்றிக்கொண்டார். மற்றவர் தங்கள் நாட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். பணிப்பாளர் தாட்சாயினியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “மிஸ், உங்கடை நியமனம் இண்டையிலிருந்து நிரந்தரம். அடுத்த மாதம் இவையின்ரை மாநாட்டிலை நீங்கள்தான் பேசுறீங்கள்!”

எல்லோரும் கை தட்டினார்கள். தாட்சாயினி தலையை ஆட்டிவிட்டு மெல்ல வெளியே வந்தாள். பெட்டியைத் தேடிப்போக வீரபாகு லான்ட்மாஸ்ரருக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“என்ன தங்கச்சி, நிரந்தரமாக்கிப் போட்டினமாம். முகம் ஏன் இப்பிடிக் கிடக்கு?”

“மேலை ஏழு நிக்குது அண்ணை. உதெல்லாம் எங்கையிருந்து வந்ததெண்டு மாநாட்டிலை கேட்டால் நான் என்னத்தைச் சொல்லுவன்?”

வீரபாகு டீசல் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னான்:

“எங்கடை வளவு மரத்திலையிருந்து எண்டு சொல்லுங்கோ, முதல் ஒண்டு, பிறகு மூண்டு, இண்டைக்கு இவ்வளவு பெரிய ஆக்கள் அண்ணாந்து பாத்துக் கண்ணூறு பட்டிடுமெண்டு கயித்திலை ஏழு தேசிக்காயெல்லோ கட்டி விட்டனான்!”